கதவு திறந்த முதல் வீடு

மார்மன் சபையின் ஊழியத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்து போன ஜெயசீலனுக்கு முதல் சில வாரங்கள் மூடிய கதவுகள்தான். எங்கு போனாலும் கூடவே வரும் அமெரிக்கக் கூட்டாளி ஹார்லனும் சோர்ந்திருந்தான். அன்று ஒரு வீட்டிலிருந்து கறிவேப்பிலை தாளிக்கும் வாசம் வந்தது. கதவு திறந்ததும் ஜெயசீலன், “வணக்கம்ணா” என்றான்.

கதவைத் திறந்தவரின் முகம் வெளுத்தது. இருவரின் டையையும் நெஞ்சிலிருந்த பெயர் அட்டையையும் பார்த்துவிட்டு, உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். சபையில் தேநீருக்கு அனுமதியில்லை, இருவரும் மறுத்தார்கள்.

ஹார்லன் பேசப் பேச ஜெயசீலன் மொழிபெயர்த்தான். கணவனும் மனைவியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஞானஸ்நானத்துக்குக்கூட உடனே சம்மதித்தார்கள். ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயசீலனுக்கோ ஏதோ உறுத்தியது.

சமையலறைக்குள் அவள் கணவனிடம் இலங்கைத் தமிழில் கிசுகிசுத்தது ஜெயசீலன் காதில் விழுந்தது.

“தேத்தண்ணி கூடக் குடிக்கமாட்டினமாம். இமிகிரேஷன் ஆக்கள்தான். தமிழ்ப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

அவள் வெளியே வந்ததும் ஜெயசீலன் எழுந்து நின்றான். “அக்கா, நாங்க அரசாங்கத்து ஆளுங்க இல்ல. சத்தியமா இல்ல. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, ஒண்ணும் ஆகாது.”

அவள் மறுபடியும் அவன் பெயர் அட்டையைப் பார்த்தாள். பிறகு, “ஓம் தம்பி” என்று சிரித்தாள்.

“என்ன சொல்கிறார்?” என்று ஹார்லன் ஆவலாகக் கேட்டான்.

“ஆமாம் என்கிறார்” என்றான் ஜெயசீலன்.