ஓட்டிப் பார்த்து வாங்கலாம்

"ரெண்டாயிரம். அதுக்கு மேல இந்த மெஷினுக்குக் கொடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல அண்ணே" என்றாள் அந்த அம்மாள், மரமூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தபடி.

பழைய சாமான் கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பதினோரு மாதமாக அந்தக் கைத்தையல் மெஷினை யாரும் விலைகூடக் கேட்டதில்லை. ஆசைப்பட்டு நாலாயிரம் கொடுத்து அதை வாங்கி வந்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் மனைவி அவரை "நாலாயிரம்" என்றே கூப்பிடுகிறாள். "சாப்பிட வாங்க, நாலாயிரம்." "குழாய் ஒழுகுது, நாலாயிரம்." போட்ட காசுக்கு மேல் ஒரு ரூபாயாவது வைத்து விற்றால்தான் அவருக்கு விமோசனம்.

"பழசுதான்மா, ஆனா முழுக்க இரும்பு. கைப்பிடி இருக்கு, பெட்டி இருக்கு. எங்க வேணா தூக்கிட்டுப் போய் வெச்சுத் தைக்கலாம். ஆறு சொல்லணும், உங்களுக்காக அஞ்சு."

"தைக்குமா?"

கடைக்காரர் வாசலில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.' அவரே பெயிண்டால் எழுதியது. ரேடியோவோ மிக்ஸியோ, ஓட்டிக் காட்டாமல் அவர் எதையும் விற்றதில்லை. ஓட்டிக் காட்டியும் பலதை விற்றதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த அம்மாள் பெரிய துணிப்பையிலிருந்து ஒரு கறுப்பு பேண்டை எடுத்தாள். கால் பக்கம் அளவாக மடித்து, குண்டூசி குத்தித் தயாராக இருந்தது. கூடவே அதே கறுப்பில் ஒரு நூல்கண்டும் வந்தது. நூலைக் கையோடு கொண்டு வருகிறவர்கள் வாங்காமல் போகமாட்டார்கள் என்று கடைக்காரர் மனக்கணக்குப் போட்டார்.

"பெரியவளுக்கு நாளைக்கு வேலையில முதல் நாள். பேண்ட் அரைச் சாண் நீளம். கோணலாப் போச்சுன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. பாத்து ஓட்டுங்க."

கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். தையல் எறும்பு வரிசை மாதிரி நேராகப் போனது.

"பரவாயில்லயே" என்றாள் அவள். "ரெண்டாயிரத்து ஐநூறு."

"அம்மா, நாலரைக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"விலை என்னண்ணே விலை, மெஷின் என்ன தைக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி கொடுக்கப் போறேன். மெல்லிசு துணின்னா சுருக்கம் விழுமே?"

பையிலிருந்து தோளில் பிரிந்த வெள்ளைச் சட்டை ஒன்று வந்தது. வெள்ளை நூலும் வந்தது. சுருக்கம் விழவில்லை. விலை மூவாயிரமாக ஏறியது.

"கனமான துணி?"

பையை மேஜைமேல் கவிழ்த்து, அறுந்திருந்த அதன் காதை நீட்டினாள். ஊசி உடைந்தது. கடைக்காரர் தன் செலவில் வேறு ஊசி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு தடவை மேலும் கீழும் ஓட்டினார். மூவாயிரத்து ஐநூறு ஆனது.

"நீளமா ஓட்டினா நடுவுல நூல் சிக்கும்பாங்க."

ஜன்னல் திரைகள் இரண்டு வந்தன. இரண்டுக்கும் நாலு பக்கமும் அடிக்க வேண்டியிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நேரா போங்கண்ணே, அவசரமில்ல" என்று தைரியம் சொன்னாள். நடுவில் கடைக்காரர் எழுந்துபோய்த் தனக்கு ஒரு டீயும் அவளுக்கு ஒரு டீயும் வாங்கி வந்தார். இரண்டாவது திரை முடிந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலாயிரம்" என்றாள் அவள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கடைக்காரருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "நாலாயிரத்து இருநூறாக் கொடுங்கம்மா. முடிச்சுக்கலாம்."

அவள் மெஷினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க பட்ட பாட்டுக்கே தாராளமாக் கொடுக்கலாம். பணம் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. சாயங்காலம் வண்டியோட வர்றோம். வேற யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க."

"சேச்சே, இது உங்க மெஷின்மா."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'விற்றாச்சு' என்று எழுதி மெஷின்மேல் ஒட்டினார். அப்புறம் வீட்டுக்கு போன் போட்டார்.

"போயிடுச்சு. நாலாயிரத்து இருநூறு. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறாங்க."

மறுமுனையில் மனைவி, "சரி, வெயில்ல நிக்காம சீக்கிரம் வாங்க" என்றாள். அவ்வளவுதான், கடைசியில் தொகை எதுவும் சேர்க்கவில்லை. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி இன்னொரு பழைய சாமான் கடைக்குள் அந்த அம்மாள் நுழைந்தாள். அலமாரியில் இருந்த ஒரு அயர்ன்பாக்ஸை எடுத்து எடை பார்த்துவிட்டு, பையிலிருந்த கறுப்பு பேண்டை மேஜைமேல் விரித்தாள்.

"இது நல்லா சூடாகுமாண்ணே?"