மூடி தானாக வந்துவிடும்

"பத்து போல்ட்டையும் கழட்டியாச்சா? அடுத்ததைக் கேளுங்க. 'இப்போது மெதுவாகத் தூக்கினால் மூடி தானாக வந்துவிடும்.'"

கார் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனைவி புத்தகத்தை உரக்கப் படித்தாள்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கணவர் மெதுவாகத் தூக்கினார். வேகமாகத் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். இன்ஜின் மூடி அசையவில்லை. அவர் இடுப்புதான் 'மளுக்' என்றது.

"தானா வரலையே."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கூச்சப்படுதோ என்னவோ."

மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் காய்ந்து வெடித்துவிட்டது. ஆயில் கசிந்து சூடான குழாயில் சொட்ட, வண்டிக்குள் ஒரே கருகல் புகை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும், பிறந்து ஐந்தே நாளான பேத்தியையும் அழைத்து வர வேண்டும். தாத்தா வண்டியில்தான் பேத்தி வீட்டுக்கு வருவாள் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போதே மணி இரண்டே முக்கால்.

"ஏங்க, இதை எழுதின ஆள் ஜென்மத்துல ஒரு தடவையாவது பானெட்டைத் திறந்திருப்பாரா?"

"பெரிய படிப்பு படிச்சவர்டி. சும்மா எழுதுவாரா?"

"படிச்சவர்தான். கையில அழுக்குப்படாம படிச்சவர்."

"ரொம்ப மட்டமாப் பேசாதே. பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரரா இருப்பார்."

"சரி, தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ, அவரா! வேற யாரை வேணும்னாலும் கூப்பிடு. அவர் வந்தா என் மானம் கப்பலேறிடும்."

"ஞாயித்துக்கிழமை வேற யார் கிடைப்பா? மானமா, பேத்தியா? சட்டுனு சொல்லுங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பேத்தி."

மெக்கானிக் வந்தார். ரப்பர் சுத்தியலால் மூடியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு. 'டப்' என்று கையோடு வந்தது. ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்து, புதியதைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். மூன்றே முக்காலுக்கு வண்டி உறுமியது. புகையில்லை. கணவர் மட்டும் இன்னும் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தட்டணும்னு இதுல போடவே இல்லையேப்பா?" என்று மனைவி புத்தகத்தை நீட்டினாள்.

"அதெல்லாம் புத்தகத்துல வராதும்மா" என்று சிரித்த மெக்கானிக், அட்டையைப் பார்த்ததும் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு பவ்யமாக வாங்கினார்.

"சார், இதைப் படிச்சுத்தான் நான் பரீட்சையே பாஸ் பண்ணினேன். எத்தனை நாள் ஆசை! ஒரு கையெழுத்து போடுங்க சார்."

பின்னட்டையில் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தை, கிரீஸ் படிந்த விரல்களால் மறைத்துப் பிடித்தபடி, நூலாசிரியர் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.