பேசும் பலகை

“மிக்க நன்றி ஐயா” என்றது மகளின் நாற்காலி.

அவனுக்கு அப்போதே சந்தேகம்.

ஒன்பது வயதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை. எடுத்த எடுப்பிலேயே செந்தமிழா?

அவன் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. மிக்க நன்றிக்குப் பேச்சே இல்லை.

பலகையை நன்கொடையாகக் கொடுத்த சங்கத்தின் தலைவர், நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் சொன்னதும் மறுபடி மாட்டி, மறுபடி நெகிழ்ந்தார்.

செவ்வந்தியின் சக்கர நாற்காலிக்கு முன்னால் ஒரு தொடுதிரை. அதில் நான்கு படங்கள். சோறு, தண்ணீர், கழிப்பறை, சிரிக்கிற முகம். மடங்கிய கையை நகர்த்தி அவள் எதைத் தொடுகிறாளோ, அதைப் பலகை வாய்விட்டுச் சொல்லுமாம்.

“இனி இந்தக் குழந்தைக்காக வேறு யாரும் பேச வேண்டியதில்லை” என்று தலைவர் மைக்கில் முழங்கினார்.

அந்த வேறு யாரும், அவன்தான்.

கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும், “பிள்ளை என்ன சொல்லுதா?” என்று அவனைத்தான் கேட்பார்கள். அவள் கண்ணைப் பார்ப்பான். சொல்லிவிடுவான். ஒருமுறைகூட யோசித்ததில்லை.

கூட்டம் வடைப் பக்கம் நகர்ந்தது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தண்ணீரை அமுக்கினான்.

“மிக்க நன்றி ஐயா.”

கழிப்பறையை அமுக்கினான்.

“மிக்க நன்றி ஐயா.”

செவ்வந்திக்குப் பாடம் எடுக்கும் பெனிட்டா டீச்சர் கையில் வடையோடு ஓடிவந்தாள்.

“செவ்வந்தி அப்பா, மெல்ல. விழா முடியுற வரைக்கும் எதைத் தொட்டாலும் அதையே சொல்ற மாதிரி வைக்கச் சொல்லிட்டாங்க. தலைவர் முன்னாடி தப்பா எதும் அமுங்கிறக் கூடாதுல்ல.”

“அதானே பாத்தேன். எம்பிள்ளை மனசுல எனக்குத் தெரியாதது இந்த டப்பாவுக்குத் தெரிஞ்சிருமோ?”

நெஞ்சு லேசாகிவிட்டது. திருட்டைப் பிடித்த திருப்தி.

டீச்சர் திரையில் ஏதோ மாற்றினாள். இப்போது இரண்டே படங்கள். வேணும். வேண்டாம்.

என்னவோ செய்துகொள்ளட்டும். அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு கரண்டி அள்ளி மகளின் வாயருகே கொண்டுபோனான்.

அவள் வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ருசிக்கிறாள். ஏழு வருடமாக ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

அவள் கை திரையின்மேல் ஊர்ந்தது.

“வேண்டாம்.”

கை வழுக்கியிருக்கும். இன்னொரு தடவை நீட்டினான்.

கை கிளம்பிப் போய்ச் சேர வெகுநேரம் பிடித்தது. இடையில் இரண்டு தடவை விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மறுபடி புறப்பட்டது.

“வேண்டாம்.”

திரையைத் துண்டால் துடைத்தான். டீச்சர் கையில் ரிமோட் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தான். வடைதான் இருந்தது. பக்கத்துப் படத்தைத் தானே அமுக்கினான்.

“வேணும்” என்றது பலகை. பழுது ஒன்றும் இல்லை.

மூன்றாம் தடவை அவன் நீட்டவில்லை. அவள் கை மட்டும் கிளம்பியிருந்தது.

வடைப் பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் குனிந்து, தணிந்த குரலில் கேட்டான்.

“டீச்சர், இதுல சத்தத்தைக் கொறைக்க எதை அமுக்கணும்?”