நிற்காத ஸ்க்ரூ

"இன்னா வைத்தியம் டாக்டரம்மா இது? மறுபடியும் புடுங்கிக்கினு வந்துட்ச்சு பாருங்க."

காகிதத்தில் மடித்து வைத்திருந்த குட்டி ஸ்க்ரூவைக் கண்ணம்மாள் மேஜைமேல் வீசினாள். ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறவள். ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மகள் சங்கீதாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் முபஷ்ஷிராவுக்குச் சுருக்கென்றது. ஆம்பூரில் க்ளினிக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியொரு பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

கண்ணம்மாள் உடனே அதைத் திறந்துவிட்டாள். "தொறந்தே இருக்கட்டும். உங்க லட்சணம் வெளிய இருக்கறவங்களுக்கும் தெரியட்டும்."

வெளியே உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, சங்கீதாவின் அத்தை எழிலரசி. தன் மகன் ஹேமந்துக்குச் சங்கீதாவைக் கேட்டவள். அக்கா கேட்டுவிட்டாளே என்று சங்கீதாவின் அப்பா சம்பத், பெண்டாட்டியையும் கேட்காமல் பெண்ணையும் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மகராசி அப்போதும் ஒரு நிபந்தனை போட்டாள். எத்துப்பல் உள்ளே போன பிறகுதான் தாலி.

எத்துப்பல் சும்மா உள்ளே போகுமா? கடைவாய்ப் பல்லில் கட்டி இழுத்தால் அதுவும் சேர்ந்து முன்னால் நகர்ந்து வரும். அதனால்தான் எலும்பிலேயே ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, அதைப் பிடிமானமாக வைத்து முன்பல்லை ரப்பரால் இழுக்கிறார்கள். எல்லோருக்கும் நிற்கிற ஸ்க்ரூ சங்கீதாவுக்கு மட்டும் நிற்கவில்லை. இதோடு மூன்றாவது.

முபஷ்ஷிரா அவள் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறில் புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை. ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தலைப்பக்கம் கீறியிருந்தது.

"இது தானா விழல," என்றாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "போடத்தான் மரத்துப்போற ஊசி வேணும். கழட்டறதுக்கு அதுகூட வேணாம், ஒரு சின்ன திருப்புளி போதும். உங்க பொண்ணுதான் கழட்டியிருக்கா."

சங்கீதா தலைகுனிந்தாள்.

"எம் பொண்ணு மேலயே பழியப் போடறியா?" கண்ணம்மாளின் குரல் தெருவரை கேட்டது. "உனுக்குப் போடத் தெரியல. அத ஒத்துக்க மொதல்ல."

எழிலரசி வாசலில் வந்து நின்றாள். "போதும் வுடு கண்ணம்மா. தை மாசம் மண்டபம் பாக்கலாம்னு இருந்தேன். இந்தப் பல்லோட மணவறையில குந்த வச்சா நாலு பேரு சிரிப்பாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அண்ணி, அப்டி சொல்லாதீங்க அண்ணி," என்று கண்ணம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னா பண்றது? கல்யாணம் ஆனா காலேஜுக்கு முழுக்குதான். அது வரைக்கும் போய்ட்டு வரட்டும்." டாக்டரை ஒரு முறை முறைத்துவிட்டு எழிலரசி படியிறங்கிப் போனாள்.

ஒரு கல்யாணமே தன்னால் தள்ளிப்போய்விட்டதென்று நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சாகும். முபஷ்ஷிரா கையுறையை உருவிக் குப்பையில் போட்டாள்.

"வேற டாக்டரப் பாத்துக்குங்க. இனிமே உங்களுக்கு நான் பாக்க மாட்டேன். பொண்ணக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

கண்ணம்மாள் கிளம்பவில்லை. எழிலரசி ஏறிய ஆட்டோ புறப்பட்டுப் போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை இல்லாத தணிந்த குரலில் சொன்னாள்:

"நீங்க போட்டுக்கினே இருங்க டாக்டரம்மா, இவ படிப்பு முடியற வரைக்கும் நான் கழட்டிக்கினே இருக்கேன்."