நாங்க

முப்பது ஆண்டுகளாக அங்கயற்கண்ணி தன் தோழி ஹேமலதாவிடம் திருத்திவந்த பிழை ஒன்றே ஒன்றுதான். நாக்பூரில் வளர்ந்த ஹேமலதாவுக்கு 'நாம்', 'நாங்கள்' இரண்டும் ஒன்று. பள்ளியின் ஆசிரியர் அறையில் எதிரே வந்து நின்று, "நாங்க காப்பி குடிக்கப் போலாமா டீச்சர்?" என்பாள். "கேக்கிறவளையும் சேத்துக்கிட்டா 'நாம'. அவளை விட்டுட்டாத்தான் 'நாங்க'" என்று தமிழாசிரியையான இவள் ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுப்பாள்.

ஓய்வு பெற்றபின் இருவரும் சேர்ந்து வந்த சுவிட்சர்லாந்துச் சுற்றுலாவில், நான்காம் நாளே ஹேமலதா பேருந்தின் பின்வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே அந்தாட்சரி பாடும் நான்கு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், காலைச் சிற்றுண்டி மேசையருகே வந்தவள் உட்காராமலேயே சொன்னாள்.

"நாளைக்கு நாங்க படகுல போறோம் டீச்சர்."

"நாம" என்றாள் அங்கயற்கண்ணி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

ஹேமலதா பின்வரிசைப் பெண்கள் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல டீச்சர். இந்தத் தடவை சரியாத்தான் சொன்னேன்."

மறுநாள் ஏரிக்கரை மரப்பெஞ்சை இருவர் அமரும் அளவுக்குக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அங்கயற்கண்ணி ஓர் ஓரமாக அமர்ந்தாள். ஹேமலதா ஏறிய படகு தொலைவில் வெள்ளைப் புள்ளியானது. ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வழிகாட்டி கைப்பேசியில் அழைத்தான்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"நாங்க கரையிலேயே இருக்கோம்ப்பா" என்றாள்.