செத்தவன் எழுந்து வந்தான்

"புயல் கிளம்புறதுக்கு முன்னாடியே வீடு விழுந்துருச்சே!" என்று தலையில் கை வைத்தாள் ரோண்டா.

மைதானத்தில் அவள் மகன் டேனர் படிக்கும் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு 'சூறாவளி' என்ற காட்சியை நடத்திக்கொண்டிருந்தது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் வாசித்தபடியே சுற்றிச் சுழல, நடுவில் ஒரு பலகை வீடு பிளந்து விழவேண்டும். அப்பாமார்கள் கூடி அடித்த வீடு. முதல் கொட்டுச் சத்தத்துக்கே ஒரு பக்கச் சுவர் படுத்துவிட்டது.

"உங்க கைவேலை லட்சணத்தைப் பாரு!"

"வீட்டுக்குப் புயல்னா பயம் போல," என்றான் கணவன் டேல், சிப்ஸைச் சீஸில் தோய்த்தபடி.

அதைக்கூட ரோண்டா பொறுத்துக்கொண்டாள். புயல் ஓய்ந்ததும் டேனர் மட்டும் தனியாக ட்ரம்பெட் வாசிக்கும் இடம்தான் அவளுக்கு உயிர். கோடை முழுக்க, டெக்சாஸ் வெயிலில், கார் நிறுத்தும் தார்த்தரையில் நின்று பழகியிருக்கிறான் பிள்ளை. இன்றைக்குத் தேறினால்தான் மாநிலப் போட்டி.

புயல் ஓய்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் செத்த மாதிரி புல்லில் குப்புற விழுந்தார்கள். சூசாபோன் என்கிற ராட்சசப் பித்தளைக் குழலை உடம்பில் மாட்டிக்கொண்டு விழமுடியாதே, அதனால் அந்த நாலு பேர் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் அசையக்கூடாது.

டேனர் நட்ட நடுவில் நின்று, உடம்பைப் பின்னுக்கு வளைத்து, வாசிக்க ஆரம்பித்தான். ரோண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை எடுப்பதற்காகக் குனிந்தாள்.

நிமிர்ந்தால், அந்த நாலு பேரில் ஒருத்தனான ஓடிஸ் எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தான்!

ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கிற உடம்பு. தலைக்கு மேலே அண்டா போல விரிந்த பித்தளை வாய். திடுதிடுவென்று வந்தவன், டேனருக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டான்.

"செத்தவன் எழுந்து வந்துட்டான்டோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"டேய் தடியா, நகருடா! டேல், பிள்ளை வாசிக்கிறது கேக்குது, பிள்ளையைக் காணோமே!"

"ரேடியோன்னு நெனச்சுக்கோ."

"வாயை மூடிக்கிட்டு அந்தச் சிப்ஸைத் தின்னு!"

பாட்டு முடியும்வரை ஓடிஸ் நகரவில்லை. முடிந்த பிறகும் விடவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே அவன் நடக்க, டேனர் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு தத்தித் தத்தி வெளியே போனான். ரோண்டாவின் போனில் பதிவானது ஓடிஸின் வயிறு மட்டும்தான்.

முடிவு அறிவித்தார்கள். நடுவர்கள் கறாராக மதிப்பெண் குறைத்தும், மயிரிழையில் மாநிலப் போட்டிக்குத் தேறிவிட்டார்கள். ஊரே குதித்தது. ரோண்டா மட்டும் குதிக்காமல், விறுவிறுவென்று பள்ளி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

அங்கே பேண்டு வாத்தியார் ஹேகன் ஏற்கெனவே ஓடிஸைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்.

"சார், மாநிலப் போட்டிக்கு இவன் வரக்கூடாது," என்று ஆரம்பித்தாள் ரோண்டா. "ஏம்ப்பா, ஊரு உன்னைப் பாக்கணும்னா வேற நேரமே கெடைக்கலியா? என் பிள்ளை வாசிக்கிற நேரம்தானா?"

"சாரி மேடம்."

"சாரியைத் தூக்கிக் குப்பையில போடு. எதுக்கு வந்தே, அதைச் சொல்லு."

ஓடிஸின் காது மடல் ரெண்டும் சிவந்துவிட்டது. ஷூவைப் பார்த்துக்கொண்டே, "எப்ப எழுந்திரிக்கணுங்கிறது மறந்துபோச்சு," என்றான்.

"மறந்தா இருந்த எடத்துலயே இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றார் ஹேகன். "வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லித் தொலைடா. நானும் உனக்காகப் பேசறேன்."

"இல்ல சார். மறந்துதான் போச்சு."

ஹேகன் பெருமூச்சு விட்டார். "அப்ப மாநிலப் போட்டி அன்னிக்கு நீ கேலரியில உக்காரு. எனக்கு மட்டும் ஆசையா? மத்த பிள்ளைங்களோட உழைப்பையும் பாக்கணுமில்ல."

ஓடிஸுக்கு இது பள்ளியில் கடைசி வருஷம்.

"சரி சார்."

"பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க!" என்றாள் ரோண்டா. "கல்லுளிமங்கன்!"

"அம்மா, போதும்."

பஸ் படியில் டேனர் நின்றிருந்தான். மேலே தங்கப் பொத்தான் வைத்த கோட்டு, தோளில் சரிகை. இடுப்புக்குக் கீழே கால்சட்டையைக் காணோம். சூசாபோன் வாய்க்கு மாட்டுகிற வட்டத் துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"என்னடா கோலம் இது?" என்றாள் ரோண்டா.

"வளைஞ்சு நின்னதும் தோள்வார் ரெண்டும் அறுந்து, கால்சட்டை நழுவ ஆரம்பிச்சிருச்சும்மா. ட்ரம்பெட்ல இருந்து கையை எடுத்தா பாட்டு நின்னுடும். மத்தவங்க எல்லாம் குப்புறக் கெடந்தாங்க, பாத்தது ஓடிஸ் ஒருத்தன்தான். முழுசா விழறதுக்குள்ள ஓடிவந்து மறைச்சுட்டான்."

டேனர் வாத்தியாரைப் பார்த்தான்.

"அவன் ஒண்ணும் மறக்கல சார். 'செத்தாலும் யார்கிட்டயும் சொல்லிடாதடா'ன்னு பஸ்ஸுக்குள்ள அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினது நான்தான்."