அட்டையின் பின்பக்கம்

எதிர்த்துப் பதினோரு கைகள் உயர்ந்திருந்தன.

அவள் கை மட்டும் மடியில் கிடந்தது.

தீர்மானம் தள்ளுபடி என்றார் சங்கச் செயலாளர் வேதமாணிக்கம். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் கொண்டுவந்தது இரண்டே வரிதான். சீனாவில் கைதாகியிருக்கும் தொழிலாளி சென் லின்னை விடுதலை செய்ய வேண்டும். அதை நம் சங்கம் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு வரிக்கு இரண்டு மணி நேரச் சண்டை. செங்கொடி பறக்கிற நாட்டை நாமே குறை சொன்னால் அமெரிக்காக்காரன் அல்லவா கைதட்டுவான் என்றார் ஒருவர். பிடிபட்டவனுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்களோ என்று இழுத்தார் இன்னொருவர். சங்கம் கட்டியதற்காகத்தானே பிடித்தார்கள், நம்மையும் அதற்குத்தானே பிடித்தார்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு ஒருவர் அவளை ஏகாதிபத்தியக் கைக்கூலி என்றே சொல்லிவிட்டார். சீனாவைக் கண்ணால் கண்டவர் அங்கே ஒருவரும் இல்லை, அவள் உட்பட.

ஆனால் சென் லின் அவர்களுக்குத் தெரியாதவன் அல்ல. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரகடத்தில் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த நாற்பத்தோராம் நாள், போனில் ஒரு போட்டோ வந்தது. எங்கோ ஒரு சீன ஊர். ஃபாக்டரிச் சுவருக்கு முன்னால் ஒல்லியாக ஒருவன். கையில் அட்டை. போராட்டம் வெல்க என்று தமிழில் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான்.

தலைகீழாகப் பிடித்திருந்தான்.

பந்தலே சிரித்தது. அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தார்கள்.

"தலைகீழா புடிச்சா என்னய்யா, புடிச்சான்ல" என்றார் வேதமாணிக்கம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று அவர் கையும் பதினொன்றில் ஒன்று.

கமிட்டி முடிவை வெளியே மீறினால் சங்கத்தில் இடமில்லை. அவளே இரண்டு பேரை அப்படி வெளியேற்றக் கை தூக்கியிருக்கிறாள். வேலை போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருப்பது இந்தச் சங்கம் ஒன்றுதான்.

எழுந்தாள். சங்க ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அட்டையை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அட்டையில் சீன எழுத்தில் அவன் பெயர். மூன்று நாள் போனைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. அவன் செய்த தப்பைத் தானும் செய்துவிடக் கூடாதென்று, எது மேல்பக்கம் எனக் காட்டப் பின்னால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரும் நேரம்.

சாலையைப் பார்த்து நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். பயமாகத்தான் இருந்தது.

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ அவள் பெயரைச் சொல்லி உள்ளே வரச் சொன்னார்கள்.

அவள் திரும்பவில்லை.

ஒரே ஒரு ஜோடிச் செருப்பு படியிறங்கி வந்தது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த மூச்சிரைப்பு அவளுக்குத் தெரியும். வேதமாணிக்கம்தான்.

அட்டையின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"அம்பு கீழ பாத்திருக்கு, தோழர்."

அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். திருப்பி நிமிர்த்தினார்.

முதல் பஸ் வளைவில் திரும்பியது.

அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை அவர் இன்னும் விடவில்லை.